படல் சாத்திய காடு

எங்கள் ஆறு ஏக்கர் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்கு, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் எழுதியிருக்கும் பெயர் தரிசு. பக்கத்துக் காட்டில் சோளம் விதைத்தால் சோளம் என்று பதிவார்கள், முருங்கை வைத்தால் முருங்கை என்று பதிவார்கள். எங்களுடையதில் வருசம் முழுக்க நாலு மாடும் இருபது செம்மறியும் மேய்ந்து வயிறு நிறைத்தாலும் அதற்கென்று ஒரு பெயர் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் சோலார் போட நிலம் தேடி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சும்மா கெடக்கற காடுதானுங்களே, குத்தகைக்கு உட்டுட்டீங்கன்னா மாசம் பொறந்தாப் பணம் வந்துருமுங்க" என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, பொழுது சாயும்வரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். குத்தகைத் தொகை குறைவு என்று அவருக்கு வருத்தமில்லை. 'சும்மா' என்ற அந்த ஒரு சொல்தான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காடு சும்மா கிடக்கவில்லை என்பது எனக்கு அதை ஒருமுறை கிட்டத்தட்ட அழித்த பிறகுதான் புரிந்தது.

கொறங்காடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்திலும், அதை ஒட்டிய ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும் குடியானவர்கள் சொந்த நிலத்தில் ஒரு பங்கை மேய்ச்சலுக்கென்றே விட்டுவைப்பார்கள். கீழே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. புல்லோடு நரிப்பயறு மாதிரிக் கொடிகளும் தானாக முளைத்துக் கிடக்கும். மண் செம்மண்தான், ஆனால் பாதி சரளை, ஏர் பிடித்தால் கொழு தேயுமே தவிர வெள்ளாமை பெரிதாக வராது. மழையும் வருசத்தில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போவதுதான். ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மட்டும் மண்ணை வாரிக்கொண்டு அடிக்கும், மழை தூறலோடு நின்றுவிடும். இப்படிப்பட்ட மண்ணில் நிச்சயமாக விளையக்கூடிய ஒன்று புல்தான் என்று எப்போதோ கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஆட்கள். காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்று உருவான மாடு. பிறக்கும்போது செந்நிறச் செவலையாக இருக்கும் கன்று ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிற மயிலையாக மாறுவதைச் சின்ன வயதில் ஒவ்வொரு ஈத்திலும் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றும் அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கிளுவை வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, வரிசையாக ஊன்றிவிட்டால் அது வேர் பிடித்து, கிளை பின்னி, சில வருசத்தில் ஆடு தலை நுழைக்க முடியாத சுவராகிவிடும். வெட்டிவிட்டால் இன்னும் அடர்ந்து தழையும். அந்த வேலிக்குள் ஓணான், அரணை, கீரி, காடை, கௌதாரி என்று ஒரு ஊரே குடியிருக்கும். கம்பி வேலியில் இது எதுவும் நடக்காது. இந்த வேலி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தும் வைக்கிறது. எங்கள் ஆறு ஏக்கர் நாலு துண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே நுழைய ஒரு கடவு, கடவை அடைக்க ஒரு படல். எந்தப் படலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதுதான் கொறங்காட்டுப் பண்ணையத்தில் முக்கால்வாசி வேலை. பொதுமந்தைக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் படல் கிடையாது, இந்த வட்டாரத்தில் அவை தேய்ந்து காணாமல் போனபோதும் கொறங்காடு மட்டும் மிச்சமிருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

2014-இல் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆடு மாட்டின் பின்னால் நடக்க முடியவில்லை. வந்த சூட்டில் இருபது செம்மறியை ஐம்பத்திரண்டாக்கினேன். கம்பெனியில் இருந்தவனுக்கு எண்ணிக்கைதான் கணக்கு, மெஷின் கூடினால் உருப்படி கூடும், ஆடு கூடினால் குட்டி கூடும் என்றுதான் புத்தி ஓடியது. அடுத்த வருசம் மழை பழுதில்லை, புல் தாங்கியது, நானும் நினைத்தது சரி என்றே இருந்தேன். 2016 வந்தது. அந்த வருசம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் காட்டில் ஐப்பசியில் இரண்டு தூறல், கார்த்திகையில் ஒரு மழை. அத்தோடு சரி.

பக்கத்துக் காடு பெரியப்பாவுடையது. ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு கிளுவை வேலிதான் எல்லை. அவர் புரட்டாசி கடைசியிலேயே வானத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஆடுகளில் பாதியைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். அப்போது விலை இறங்கியிருக்கவில்லை. மூன்று துண்டில் இரண்டின் படலைச் சாத்தி, கயிறு போட்டு இறுக்கியும் கட்டிவிட்டார். என்னையும் விற்கச் சொன்னார். "புல்லுத் தீந்துச்சுன்னா சோளத்தட்டு வாங்கிப் போட்டுக்கலாமுங்க பெரியப்பா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாங்கிப் போடற தட்டு ஆட்டுக்குத்தாங் கண்ணு. புல்லுக்கு நீ என்னத்த வாங்கிப் போடுவே?" என்றார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. தட்டு வாங்கினேன், கடன்பட்டு வாங்கினேன். ஆனால் ஆடுகளைக் காட்டுக்குள்ளேயே விட்டுத்தான் போட்டேன். நாலு படலும் திறந்தே கிடந்தன. இதுதான் நான் செய்த பெரிய தப்பு. தட்டு தின்ற ஆடு வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்காது, காலாற நடந்துகொண்டே தரையில் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு பச்சையையும் கிள்ளிக்கொண்டே இருக்கும். தீவனம் போடாமல் இருந்திருந்தால் ஆடு மெலிந்து நானே விற்றிருப்பேன், காடு தப்பித்திருக்கும். தீவனம் போட்டதால் ஆடும் மிஞ்சியது, புல்லைக் கடிக்கும் அதன் வாயும் மிஞ்சியது. மாசியில் கொழுக்கட்டைப் புல் தூர்கள் மண்ணோடு மண்ணாகக் கறுத்துக் கிடந்தன. பங்குனியில் காலால் தட்டினாலே தூர் பெயர்ந்து வந்தது.

2017 ஆவணி, புரட்டாசியில் மழை நன்றாகவே பெய்தது. பெரியப்பா காட்டில் பத்தாம் நாள் பச்சை. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் காட்டிலும் பச்சைதான், ஆனால் நெருஞ்சி, பார்த்தீனியம், சீமைக் கருவேலங் கன்று, ஆவாரை. ஆவாரையை ஆடும் மாடும் வாய் வைப்பதில்லை, அதனால் ஒரு காட்டில் ஆவாரை பெருகினால் அங்கே நல்ல புல்லைத் தின்று தீர்த்துவிட்டார்கள் என்று பொருள். வேலி ஓரமாக நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்த அந்தக் காலை நேரம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என்ன நடந்தது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஆடு கடித்தால் புல் சாவதில்லை, ஏனென்றால் வளரும் குருத்து தரையை ஒட்டி அடியில் ஒளிந்திருக்கிறது, மேலே இலையைத் தின்றாலும் அடியிலிருந்து மறுபடி இலை வரும். ஆனால் அந்த இலையை மறுபடி தள்ளுவதற்கான சத்து எங்கிருந்து வரும்? மிச்சமிருக்கும் இலையிலிருந்தும் தூரில் சேர்த்துவைத்த சேமிப்பிலிருந்தும்தான் வர வேண்டும். அமெரிக்காவில் கிரைடர் என்ற ஆய்வாளர் பலவகைப் புற்களை வெவ்வேறு அளவில் வெட்டிப் பார்த்து 1955-இல் அதை வெளியிட்டார். பாதி வரைக்கும் வெட்டினால் வேருக்குப் பெரிய பாதிப்பில்லை, பத்தில் எட்டுப் பங்கு வெட்டினால் வேர் வளர்வது நாள்கணக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. நின்ற வேர் மறுபடி எழுவதற்குள் இன்னொரு கடி விழுந்தால், அதற்குள் இன்னொன்று விழுந்தால், கடைசியில் வேர் மேலோட்டமாகச் சுருங்கி, அடுத்த வெயிலுக்குத் தாங்காது. நான் ஐந்து மாதம் இதைத்தான் செய்திருக்கிறேன், தினமும், ஐம்பத்திரண்டு வாயால்.

பெரியப்பா கிரைடரைப் படித்தவர் இல்லை. புல் கணுக்காலுக்குக் கீழே போய்விட்டால் படலைச் சாத்து என்பார், மழை பெய்து பூட்டை, அதாவது கதிர், வந்து விதை கொட்டும்வரை திறக்காதே என்பார், அவ்வளவுதான். அதோடு, துண்டைத் திறந்தால் முதலில் மாடு, அப்புறம்தான் ஆடு என்பார். மாடு நாக்கால் சுழற்றி இழுத்துப் பிடுங்கும், அதனால் தரையை ஒட்டிக் கடிக்க அதற்கு வாய்க்காது, கொஞ்சம் தூரை விட்டுவைத்துத்தான் போகும். செம்மறியின் உதடு மெல்லிசு, மண்வரைக்கும் சவரம் செய்த மாதிரி கடித்துவிடும். மாடு முந்தி ஆடு பிந்தி என்றால் இரண்டுக்கும் தீனி கிடைக்கும், செம்மறி அந்தத் துண்டில் நிற்கிற நாளும் குறையும். நான் ஆட்டை மட்டுமே வைத்திருந்தேன், அதுவும் நாள் கணக்கில்லாமல்.

சரி, கெட்டதை எப்படித் திருப்பினோம் என்பதைச் சொல்கிறேன். ஆடுகளைப் பதினைந்தாகக் குறைத்தேன், வந்த விலைக்கு விற்றேன். அந்த வருசமே தெரிந்தவர்கள் காட்டில் கொழுக்கட்டை விதையை உருவி வந்து கார்த்திகையில் தூவினேன். ஒன்று கூட முளைக்கவில்லை என்றே சொல்லலாம். புதிதாக உருவிய விதைக்கு உறக்கம் உண்டு, மாதக்கணக்கில் கிடந்து தெளிந்தால்தான் முளைக்கும் என்பது எனக்குத் தெரியாது. பாதியை எறும்பு இழுத்துப் போனது. அடுத்த வருசம் பெரியப்பா தன் அட்டாலியிலிருந்து ஒரு சாக்கு பழைய விதையை இறக்கிக் கொடுத்தார். பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும் விதை அது, தனியாகத் தூவினால் காற்றோடு போய்விடும், அதனால் செம்மண்ணிலும் ஆட்டுப் புழுக்கைத் தூளிலும் பிசறி, லேசாகக் கீறிய மண்ணில் புரட்டாசியில் தூவி, மேலே முள்செடியை இழுத்து மூடினோம். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டை விதையும் வாங்கிப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள், அதுவும் நல்ல புல்தான். ஆனால் இந்தச் சரளையில் எத்தனையோ பஞ்சத்தைத் தாண்டி வந்த விதை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வேறெங்கும் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்று துண்டுகளை இரண்டு மழைக்குப் படல் சாத்தியே வைத்தேன். இருந்த பதினைந்து ஆட்டையும் அத்தனை நாளும் வேலிக்கு வெளியேதான் மேய்த்தேன், வெயிலில், கையில் தொரட்டியோடு.

நாலாவது துண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். குற்ற உணர்ச்சி என்று சொல்லலாம், அந்தத் துண்டுக்குள் ஒரு உயிரும் கால் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்து மூன்று வருசம் முழுதாகச் சாத்திவைத்தேன். முதல் வருசம் கண்கொள்ளாக் காட்சி, இடுப்பளவு புல், காற்றில் அலை அலையாகச் சாயும், பார்க்கிறவர்களுக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் வருசம் பழைய தாள் விழாமல் நின்றே காய்ந்து சாம்பல் நிறமாகியது. மூன்றாம் வருசம் மழை பெய்தும் அந்தச் சாம்பல் கூரைக்கு அடியில் வெளிச்சம் போகாமல் குருத்துகள் வெளுத்து நின்றன, பல தூர்கள் நடுவில் செத்து ஓரத்தில் மட்டும் உயிரோடு இருந்தன. முன்பெல்லாம் அங்கே கேட்கிற காடைச் சத்தமும் குறைந்துவிட்டது, அவை ஓடுவதற்குத் தூருக்கும் தூருக்கும் நடுவில் வெறும் மண் வேண்டும். ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால் வேலியோடு எரிந்திருக்கும். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "வாயில்லாத காடு இப்பிடித்தாஞ் சாமி போகும்" என்றார்.

நான் அதுவரை மேய்ச்சலை நிலத்துக்குச் செய்யும் கெடுதல் என்றும், விலக்கிவைப்பதைப் பாதுகாப்பு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் புல் வாய்க்குப் பழகி வளர்ந்த புல். மனிதன் மாட்டைக் கொண்டுவருவதற்கு முன்னால் இங்கே வெளிமான் கூட்டம் மேய்ந்திருக்கும், மேய்ந்த கூட்டம் நகர்ந்துபோய் நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கும். அந்த வருகையும் அந்தப் போக்கும் இரண்டுமே புல்லுக்குத் தேவை. அந்தச் சித்திரையில் பெரியப்பாவின் மாடுகளையும் சேர்த்து ஓட்டி வந்து, நாலாவது துண்டில் ஆறு நாள் நெருக்கமாக விட்டோம். தின்றது கொஞ்சம், மிதித்து மடக்கியது அதிகம். காய்ந்த தாள் மண்ணோடு ஒட்டியது, சாணமும் மூத்திரமும் விழுந்தது, சாண வண்டுகள் வந்து உருட்டிப் புதைத்தன. வைகாசியில் ஒரு கோடைமழை. எட்டாம் நாள் தூருக்கு நடுவிலிருந்து பச்சை வந்தது. அன்றிலிருந்து எந்தத் துண்டையும் ஒரு வருசத்துக்கு மேல் நான் மூடி வைப்பதில்லை.

வண்டு என்றதும் நினைவு வருகிறது. ஐவர்மெக்டின் மாதிரியான சில குடற்புழு மருந்துகள் மாட்டின் சாணத்தோடு வெளியே வந்து சாண வண்டின் புழுக்களையும் கொல்லும். மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் கொடுத்த பிறகு சில நாள் மாட்டைக் கட்டுத்தறியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும், எனக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இந்தப் புல் பெரிய தொல்லை. ஒட்டகச் சேணங்களுக்குள் திணித்து வந்த புல்லோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தது என்பார்கள், பிறகு மேய்ச்சலுக்கென்று வேண்டுமென்றே விதைத்தும் இருக்கிறார்கள். அங்கே அது உள்ளூர்ப் புல்லை அமுக்கி, தீயைக் கூட்டி, பரவிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலும் அப்படித்தான், அங்கே உள்ள பெரிய கள்ளிகள் தீக்குப் பழகாதவை, இந்தப் புல் கொண்டுவரும் தீயில் கருகிச் சாகின்றன. அந்தப் பாலைவனத்தின் சொந்த மரம் எது தெரியுமா? நம் சீமைக் கருவேலின் நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்து மரமான சீமைக் கருவேல் 1870-களில் இந்தியாவுக்கு வந்து இன்று எங்கள் புல்லை அமுக்குகிறது, எங்கள் மண்ணின் புல் அங்கே போய் அதன் உறவுக்காரர்கள் நிற்கிற நிலத்தை எரிக்கிறது. ஒரு புல் நல்லதா கெட்டதா என்று யாராவது பொதுவாகக் கேட்டால் நான் இப்போதெல்லாம் எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்கிறேன்.

சீமைக் கருவேலைச் சமாளிப்பது இன்னும் முடிந்தபாடில்லை. வெட்டினால் அடிக்கட்டை நாலாகத் தழைக்கும், அதனால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சின்னக் கன்றாகவே வேரோடு பிடுங்க வேண்டும், முழங்கால் உயரம் தாண்டிவிட்டால் கடப்பாரை வேண்டும். அதைவிட முக்கியம் அது எப்படி உள்ளே வருகிறது என்பது. அதன் நெற்று இனிப்பு, ஆடு தேடித் தேடித் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு காட்டில் விழுந்து முளைக்கும். வெளியே மேய்ந்து நெற்று தின்ற ஆடுகளை நாலைந்து நாள் பட்டியில் அடைத்துவைத்துத்தான் காட்டுக்குள் விடுகிறோம். வெள்வேலங்காயும் இதே வழியில்தான் பரவுகிறது, ஆனால் வெள்வேல் மெதுவாக வளரும், நிழல் மெல்லிசு, அடியில் புல் நிற்க விடும். கோடையில் எங்கள் ஆடுகளுக்குப் பாதிச் சத்து அந்தக் காயில்தான்.

மரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சிலருக்கு வருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் மரம் நடும் குழு ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. நல்ல பிள்ளைகள், சொந்தச் செலவில் கன்று வாங்கி வந்திருந்தார்கள். ஊர்ப் பொதுவில் மிச்சமிருந்த கடைசிப் புல்வெளித் துண்டில் பொக்லைன் விட்டுக் குழி தோண்டி, நெருக்கமாக நட்டு, சொட்டுநீர் போட்டார்கள். இரண்டு வருசத்தில் தண்ணீர் நின்றது, கன்றில் முக்கால்வாசி காய்ந்தது, கிளறிய மண்ணில் பார்த்தீனியம் வந்தது. அந்தத் துண்டில் மேய்ந்துகொண்டிருந்த, சொந்த நிலமில்லாத மூன்று குடும்பத்தின் வெள்ளாடுகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. புல்வெளியைப் பார்த்ததும் இங்கே காடு இருந்து அழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நீலகிரியின் மேல்மலைப் புல்வெளிகளில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை என்கிற வாட்டில் மரமும் தைலமரமும் நட்டுக்கொண்டே போனதும் இப்படித்தான், இன்று அதையே பிடுங்கிப் புல்லை மீட்க வனத்துறை பாடுபடுகிறது. புல் தன் சேமிப்பில் பெரும்பங்கை மண்ணுக்குள் வேராகத்தான் வைத்திருக்கிறது, வறட்சிக்கும் தீக்கும் அது அங்கே பத்திரமாக இருக்கிறது. புல்வெளி என்பது மரம் இல்லாமல் போன இடம் என்ற நினைப்பு போக வேண்டும், வறண்ட நிலத்தில் மரம் வேண்டுமென்றால் வெள்வேல் நிற்கிற மாதிரி தள்ளித் தள்ளி, புல்லுக்கு வெயில் விட்டு நிற்க வேண்டும்.

அரசாங்கக் கணக்கிலும் இதே குழப்பம்தான். நாட்டின் தரிசுநில வரைபடங்களில் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் பெருமளவுக்குத் தரிசு என்ற தலைப்பில்தான் வருகின்றன. தரிசு என்றால் எதற்கும் கொடுக்கலாம், காற்றாலைக்குக் கொடுக்கலாம், சோலாருக்குக் கொடுக்கலாம், மனைபோட்டு விற்கலாம். எனக்குச் சூரிய மின்சாரத்தின் மேல் பகையில்லை, எங்கள் வீட்டுக் கூரையிலேயே இரண்டு பலகை இருக்கிறது. ஆனால் புல்வெளியை நம்பி வாழும் கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை. இன்று இந்தியா முழுக்க நூற்றைம்பதுக்கும் குறைவுதான், பெரும்பாலும் ராஜஸ்தானில், அங்கேயும் மின்கம்பியில் மோதிச் சாகின்றன என்று உச்சநீதிமன்றம் வரை வழக்குப் போனது. புல்வெளியைச் சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்லிச் சொல்லித்தான் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தோம். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. எங்கள் ஊருக்கு அது வருவதாக இருந்தால், அடங்கலில் ஒரு கட்டமாக வந்தால் போதும். மேய்ச்சல் காடு என்று ஒரு சொல். அந்தச் சொல் இருந்தால் கடன் கேட்கும்போதும் வறட்சி நிவாரணம் கேட்கும்போதும் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

காசு கணக்கை மறைக்க விரும்பவில்லை. இந்தக் காட்டிலிருந்து வருவது குட்டி விற்ற பணம், கிடாய் விற்ற பணம், கொஞ்சம் எரு, கொஞ்சம் பால், எப்போதாவது ஒரு காளைக்கன்று. வீடு ஓடுவதற்கு என் மனைவி டவுனில் தையல் வேலை பார்க்கும் சம்பளமும் சேர வேண்டியிருக்கிறது. சோலார் குத்தகை இதைவிடக் கூடத்தான் வரும். வறட்சி வருசத்தில் மட்டும் கணக்கு வேறு மாதிரி. 2016-க்குப் பிறகு நான் எழுதிவைத்த நோட்டைப் புரட்டினால், ஐம்பத்திரண்டு ஆடு வைத்திருந்த காலத்தில் தட்டு வாங்கிய கடனை அடைக்க எனக்கு மூன்று வருசம் ஆனது தெரிகிறது. இப்போது இருபது ஆட்டோடு, படல் கணக்கோடு இருக்கும்போது, மழை குறைந்த வருசத்திலும் வெளியே தீவனம் வாங்குவது சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும்தான், அதுவும் பட்டியில் அடைத்துவைத்து.

இந்த வருசம் மூன்றாவது துண்டில் மாட்டை விடுவதற்கான நாள் வந்தபோது, படலைத் திறக்கப் போன அப்பா திரும்பி வந்துவிட்டார். உள்ளே கால் வைத்ததும் ஒரு மஞ்சள்மூக்கு ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியதாம். மெதுவாகப் போய்ப் பார்த்தோம். சரளைக்கு நடுவில், கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லாமல், நாலு முட்டை. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. அது முட்டையிடுவது புல் குட்டையாக இருக்கும் இடத்தில்தான். போன தடவை நாங்கள் மேய்த்துவிட்டுச் சாத்திய இடம் அது. மேயாமல் விட்டிருந்தாலும் அது அங்கே வந்திருக்காது, இன்று படலைத் திறந்தாலும் முட்டை மிஞ்சாது.

"ரெண்டாவதத் தொறந்துக்கலாமுங்களா?" என்று கேட்டேன். அங்கே புல் இன்னும் கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருந்தது. அப்பா குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "நாலு நாளைக்கு மாட்ட மட்டும் உடு. ஆட்டுக்கு வெள்வேலங்காய் உலுக்கிப் போட்டுக்கலாம்" என்றார். தொரட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். மூன்றாவது துண்டின் படலில் கயிறு நைந்திருந்தது, அவரே புதுக்கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்.